ஒரே குத்து அக்கா

குழந்தைகள் வார்டில் அவளுக்கு ‘ஒரே குத்து அக்கா’ என்று பெயர். பிறந்து சில நாளே ஆன பிஞ்சுக் கையில்கூட முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள். இரண்டு முறை குத்தியும் கிடைக்காவிட்டால் ஊசியை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்த வார்டின் வழக்கம். அந்த அடுத்தவர் எப்போதும் அவள்தான்.

நேற்று மூச்சுத் திணறிய ஒரு பையனைக் காப்பாற்ற அவள் போராடிக்கொண்டிருந்தபோது, கடைசிக் கட்டில் குழந்தைக்கு டிரிப் நின்று கை வீங்கிவிட்டது.

“எத்தனை தடவை கூப்பிடுறது? காது அடைச்சுப் போச்சா?” என்று பாய்ந்து வந்தான் குழந்தையின் தகப்பன். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பட்டையைப் பிடித்து முறுக்கிச் சுவரோடு அழுத்தினான். காவலாளி ஓடி வந்து விலக்குவதற்குள் அவளுக்குக் கண் இருட்டிவிட்டது.

“பிள்ளைக்கு முடியலன்னா பெத்தவனுக்குப் புத்தி தடுமாறத்தான் செய்யும்மா,” என்றார் தலைமை நர்ஸ். “போலீஸ் கீலீஸ்னு போகாத. நாளைக்கு லீவும் கேக்காத, ஆளே இல்ல.”

“கழுத்தை நிமிர்த்த முடியல மேடம்.”

“குனிஞ்சுதானே ஊசி போடுறே?” சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னார்.

வீட்டில் கணவன் அவள் கழுத்தில் தைலம் தடவியபடி, “பேசாம வேலையை விட்டுடு,” என்றான்.

“விட்டுட்டு? இந்தக் கையை விட்டா எனக்கு வேற என்னங்க இருக்கு?”

இன்று அதே குழந்தைக்கு மறுபடியும் கை வீங்கியது. கூட இருந்த நர்ஸ் இரண்டு முறை குத்திப் பார்த்துவிட்டு, “அக்கா, நீங்க வாங்க,” என்று ஒதுங்கிக்கொண்டாள்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் தகப்பன் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். “நீங்களே போடுங்க சிஸ்டர். நேத்து ஏதோ...”

நரம்பு விரலுக்குத் தெளிவாகவே தட்டுப்பட்டது. குத்தினாள். இரத்தம் வரவில்லை. குழந்தை வீறிட்டது. இன்னொரு முறை. அதுவும் தவறியது.

பழக்கத்தில் ஊசியைக் கொடுக்கத் திரும்பினாள். அவளுக்கு அடுத்து வாங்க யாருமில்லை.

அப்போது குழந்தையின் கண்ணீரைத் துடைக்கத் தகப்பன் கையைத் தூக்கினான். அவளுடைய இரண்டு கைகளும் தாமாகவே போய்க் கழுத்தைப் பொத்திக்கொண்டன. ஊசி கீழே விழுந்தது.

“அக்கா, வேற ஊசி எடுக்கவா?”

அவள் கைகள் கழுத்தை விட்டு இறங்கவில்லை. குழந்தை அழுதுகொண்டே இருந்தது.