இரண்டரை மில்லிக்கு ஒரு வெளிச்சம்

என் மகளுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. விழுப்புரத்து டாக்டர் ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டரை மில்லி. திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு அந்த வருடம் மின்வெட்டு நேரமும் மாலை ஆறுதான்.

ஒரு நாள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். மருந்து அளக்கும் மூடியில் நான் பார்த்தது இரண்டரைக் கோடா, ஐந்தா? கொடுத்த பிறகுதான் சந்தேகம் வந்தது. மறுநாள் அவள் வழக்கத்தைவிட அதிகம் தூங்கினாள். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று முடிவு செய்தேன். கோடு தெளிவாகத் தெரியாமல் இனி ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை.

முன்னாடியே அளந்து வைத்துவிடேன் என்றார் கணவர். வைத்தேன், எறும்பு விழுந்தது. அதனால் எல்.இ.டி. டார்ச் ஒன்று வாங்கினேன். மெல்லிய பேட்டரி மூன்று போடுவது. நல்ல வெளிச்சம்தான், ஆனால் மருந்து முடிந்ததும் அதே டார்ச்சில்தான் சமையல், பாத்திரம் எல்லாம். வாரத்துக்கு மூன்று பேட்டரி தீர்ந்தது. சார்ஜ் ஏற்றும் பேட்டரி இரண்டும், அதோடு வந்த சார்ஜரும் வாங்கினேன். அந்தச் சார்ஜர் இரண்டிரண்டாகத்தான் ஏற்றும். மூன்றாவது இடத்தில் சாதாரண பேட்டரி ஒன்றைச் சொருகினேன்.

நான்கே நாளில் வெளிச்சம் மஞ்சளாகிச் சுருங்கியது.

"பேட்டரிக் கட்டைங்கள வெயில்ல போடும்மா, ஏறிக்கும். நாங்க ரேடியோக் கட்டைய அப்படித்தான் போடுவோம்" என்றார் மாமியார்.

நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். ஆனாலும் மாடியில் மல்லாட்டைக் கடலை காய்ந்துகொண்டிருந்த சாக்கின் ஓரத்தில் மூன்று பேட்டரியையும் வரிசையாக வைத்தேன். ஒருவேளை அத்தை சொல்வது சரியாக இருந்தால்? மாலையில் போய்ப் பார்த்தபோது சாதாரண பேட்டரியின் அடியில் வெள்ளையாகக் கசிந்திருந்தது. மல்லாட்டையை மறுபடி பரப்பி, கசிவு பட்டிருக்குமோ என்று சந்தேகப்பட்டு இரண்டு கை அள்ளி எறிந்தேன். அன்று மருந்துப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, ஜெனரேட்டர் ஓடும் தெருமுனை மளிகைக் கடைக்குப் போய் அளந்து கொடுத்தேன்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது டார்ச், பேட்டரி, சார்ஜர் எல்லாவற்றையும் குழந்தையின் பையில் போட்டுக்கொண்டேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த எலக்ட்ரிக்கல் கடைக்காரர், கசிவில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாக்கா, வடாமாட்டம் காயப் போட்டுக்கினு இருந்தீங்களா?"

"ஆமாங்க" என்றேன். பொய் சொல்ல நேரமில்லை.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "வெயிலு அப்புறம்க்கா. மொதல்ல இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு சேராது. ஒண்ணு மட்டும் சீக்கிரம் தீந்துட்டா மத்த ரெண்டும் அத போட்டு அமுக்கும், கசிஞ்சிடும். மூணும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒண்ணா வாங்கினதா இருக்கணும். ஒண்ணாவே ஏத்தணும்."

"ஏத்துற கட்டையில 1.2 வோல்ட்தானே? மூணு போட்டாலும் 3.6தான் வரும். பத்துமா?"

"அட, வெவரமாத்தான் கேக்குறீங்க. பத்தும். புது சாதாக் கட்டைய விட கொஞ்சம் கம்மியா எரியும், அவ்ளோதான்."

அவ்வளவுதானா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அவர் ஒரு பாக்கெட்டை நீட்டினார். எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று மேலே பெரிய எண் போட்டிருந்தது. கையில் எடுத்தால் காலித் தீப்பெட்டி கனம்.

"இது வேணாங்க. கனமானத குடுங்க."

"நம்பருதாங்க்கா முக்கியம்."

"நம்பர யாரு வேணா அச்சடிக்கலாம்."

முனகிக்கொண்டே வேறொன்றை எடுத்தார். சார்ஜ் ஏற்றியே வருவது என்றார். டார்ச்சில் போட்டு, கடைக்குப் பின்னால் இருந்த இருட்டுக் கிடங்குக்குள் குழந்தையோடு போய் நின்றேன். பையிலிருந்து மருந்து மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

"அங்க இன்னாக்கா பண்றீங்க?"

"கோடு தெரியுதான்னு பாக்கறேன்."

தெரிந்தது. எண்ணும் தெரிந்தது. ஆறு பேட்டரி, மூன்று மூன்றாக இரண்டு செட் கேட்டேன். ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி விளக்கு எரியும் நாலு குழிச் சார்ஜரும் வாங்கினேன். ஒரு செட்டில் நகப்பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்தேன், மாறிவிடக் கூடாதென்று.

மறுநாள் மாலை ஆறுக்குக் கரண்ட் போனது. மாமியார் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். மூடியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி ஊற்றினேன். சிரப் சரியாகக் கோட்டில் நின்றது.

"எவ்ளோ இருக்குங்க அத்தை?"

"நீதானம்மா ஊத்துன?"

"நீங்களும் பாருங்க."

குனிந்து பார்த்தார். "ரெண்டரைக் கோட்டுலதான் நிக்கிது."

இன்னொரு முறை நானே பார்த்துவிட்டு, மகளின் வாயில் ஊற்றினேன்.