வெளியேறிய நேரம்

கிழவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்பவர்கள் என்னுடன் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் பிறகு சொல்லட்டும். நான் பிரெஞ்சு ராணுவத்தில் பத்தொன்பது வருடம் இருந்தவன். எங்கள் புதுச்சேரியில் என்னைப் போன்றவர்களைச் சொல்தா என்பார்கள். இரவுக் காவலில் பிணங்களுக்கு நடுவே நின்றிருக்கிறேன். அங்கெல்லாம் ஒன்றும் வரவில்லை. வந்தது 2006 ஜூலையில், இந்த ஊரில், பட்டப்பகலில், ஒரு தனியார் மருத்துவமனையில். தேதியும் மணியும் அன்றன்றே குறித்து வைத்தேன். எதையும் மாற்றவில்லை.

என் மகன் மொரீஸின் பிள்ளை ஜோர்தானுக்கு அப்போது எட்டு மாதம். இதயத்தில் ஓட்டை. அதற்கு முந்தைய வருடம் மொரீஸும் அவன் மனைவி பொலினும் காரைக்காலில் இருந்தார்கள். பிள்ளை பிறந்ததையே போனில்தான் சொன்னான்; அதன் பிறகுதான் என் வீட்டோடு வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்ததால் முன்கூட்டிச் சொல்லப் பயந்தோம் என்றான். நம்பினேன். சொந்த மகன் சொன்னதை நம்பாமல் யார் சொன்னதை நம்புவது?

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது ஹார்ட் பிராப்ளம் இருந்திருக்கா?"

"எங்க வம்சத்துல கெடையாது" என்றேன். "எங்களுக்கு நெஞ்சு இரும்பு."

பொலின் தலையைக் குனிந்துகொண்டாள். மரியாதை என்று நினைத்தேன்.

ஜூலை 10 அன்று ஆபரேஷன் முடிந்தது. 13 அன்று வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு மஞ்சள் அட்டை. அட்டை வைத்திருப்பவர் மட்டும்தான் உள்ளே இருக்கலாம். வாசலில் ஒரு பதிவேடு. பெயர், உறவு, வந்த நேரம், வெளியேறிய நேரம். மதியம் ஒரு மணிக்குப் பொலின் குளிக்கச் சாப்பிட மூலக்குளம் வீட்டுக்குப் போவாள். நான்கு மணி வரை காவல் என்னுடையது.

முதல் நாளே நர்ஸ் சிவசங்கரியிடம் திட்டு வாங்கினேன். பிள்ளையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் போனேன்.

"ஐயோ தாத்தா! நெஞ்செலும்ப அறுத்துத் தெச்சிருக்கு, இன்னும் கூடல. கையப் புடிச்சித் தூக்கினா பிரிஞ்சிடும். தலைக்கு அடியில ஒரு கை, குண்டிக்கு அடியில ஒரு கை. துப்பாக்கி புடிச்ச கைக்குப் புள்ளயப் புடிக்கத் தெரியல பாரு."

அப்படி யாரும் என்னிடம் பேசியதில்லை. பொறுத்துக்கொண்டேன். எங்கள் பெயரைச் சொல்ல இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

ஜூலை 14. பிரெஞ்சு தேசிய நாள். முப்பது வருடமாக அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரை நினைவுச் சின்னத்தின் முன் நின்றவன், அந்த வருடம் ஸ்டூலில் உட்கார்ந்து மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத் தூக்கத்தில் ஊரே அடங்கியிருந்தது. பிள்ளை சிணுங்கினான். துடிப்பு 171 காட்டியது.

மணி 2.37.

கட்டிலின் அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தாள். முதுகு எனக்கு. சேலைக்கு மேலே நீல அங்கி. நர்ஸ் என்று நினைத்தேன். குனிந்து பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். 171... 150... 128. பிள்ளை தூங்கிவிட்டான். மேலே ஃபேன் வேகமாகச் சுற்றியது. திரைச்சீலை ஆடியது. அவளுடைய முந்தானை மட்டும் ஆடவில்லை.

மடியிலிருந்த பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்தேன். ஆள் இல்லை. அந்த வார்டுக் கதவு திறந்தால் கிறீச்சென்று கத்தும். கத்தவில்லை.

மறுநாள், 15. மதியம் இரண்டரைக்குத் தரையை ஃபினாயில் போட்டுத் துடைத்துவிட்டுப் போனார்கள். கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஈரத்தில் என் பூட்ஸ் தடம் வரிசையாக விழுந்திருந்தது.

2.37. அவள் நின்றிருந்தாள்.

அவள் பக்கம் தடமே இல்லை.

16. பிள்ளை வீறிட்டு அழுதான். 180... 184... சிவசங்கரி வார்டின் மறுகோடியில் இருந்தாள். சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. குனிந்து அக்குளில் கைகொடுத்தேன்.

"பப்பா..."

உறைந்துபோனேன்.

"கையப் புடிச்சித் தூக்காதீங்க பப்பா..."

காதருகில். குளிர்ந்த மூச்சு.

என்னைப் பப்பா என்று கூப்பிட்டவர்கள் மூன்றே பேர். மொரீஸ், பொலின்... இன்னொருத்தி.

கையை எடுத்தேன். திரும்பினேன்.

யாருமில்லை.

அழுகை நின்றிருந்தது. 126.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். ஜிஸ்லேன். ஒன்பது வருடத்திற்கு முன் என் பேச்சை மீறி, சேதராப்பட்டில் தொழிற்சாலை வேலை செய்யும் இளஞ்செழியனைக் கட்டிக்கொண்டாள். கதவைச் சாத்தினேன். அவள் பெயரை என் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று உத்தரவிட்டேன். அன்று கேட்டது அவள் குரல்தான். இல்லை, காது தவறிக் கேட்டது என்று எனக்கு நானே கட்டளையிட்டுக்கொண்டேன்.

17, 18 அன்று யாரும் கண்ணில் படவில்லை. 19 அன்று டிஸ்சார்ஜ். பகல் 11.50. மொரீஸும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொலினும் என் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மஞ்சள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்திடப் பதிவேட்டைப் புரட்டினேன்.

ஜிஸ்லேன். 14, 15, 16 என்று மூன்று நாளும். வந்த நேரம் 14.37. ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு. பிரெஞ்சுப் பள்ளியில் சேர்க்கும் முன்பே அவள் விரலைப் பிடித்து அந்தக் கோட்டைப் போடச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

உறவு என்ற இடத்தில், 'அம்மா'.

ரத்தம் தலைக்கேறியது. பொய் உறவு எழுதி உள்ளே வந்திருக்கிறாள். மகனே வரவழைத்திருக்கிறான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்து கத்தினேன்.

"எனக்குத் தெரியாம உன் தங்கச்சிய உள்ள விட்டியா? முதுகுல குத்திட்டியேடா!"

மொரீஸ் பதிவேட்டைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"யார் எழுதினது இது?"

"நடிக்காத."

"பப்பா... அவ செத்து எட்டு மாசம் ஆவுது."

பொலின் பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதாள்.

"அவங்களுக்கு ஹார்ட்டுல வால்வு சுருங்கியிருந்துச்சு. புள்ள வேணாம்னு டாக்டர் சொல்லியும் கேக்கல. பப்பா வீட்டுலதான் புள்ள வளரணும்னு முன்னாடியே கேட்டுகிட்டாங்க. அவங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு. மத்தியானம் ரெண்டு முப்பத்தேழுக்கு இவன் பொறந்தான். இவன் மூஞ்சக்கூடப் பாக்காம போயிட்டாங்க."

"எங்கிட்ட ஏன்டா மறைச்ச?"

"பேரச் சொல்லக் கூடாதுன்னது நீங்கதான பப்பா?"

மகன், மருமகள், ஞாயிறுதோறும் மாதா கோயிலில் என் கையைக் குலுக்கிய சாமியார், எல்லோருக்கும் தெரியும். இதே ஊரில் என் மகளைப் புதைத்திருக்கிறார்கள். அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதுகூட எனக்கு நினைவில்லை. எட்டு மாதம் என் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

காவலாளி சாமிக்கண்ணு மெதுவாகப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"சொல்தா ஐயா... அட்டை உங்க கையில இருக்கச்ச நான் யாரையும் உள்ள விடல. ஆனா இந்தம்மா மூணு நாளும் வந்ததுக்கு எழுதியிருக்காங்க. போனதுக்கு எழுதலியே."

பார்த்தேன். வெளியேறிய நேரம்... மூன்று கட்டங்களும் காலி.

"உங்க பொண்ணுங்கறீங்க. நீங்களே ஒரு டைம் போட்டுடுங்க ஐயா. செக்கிங் வந்தா என்னத்தான் கேப்பாங்க."

பேனாவைக் கையில் வாங்கினேன். என் கத்தலில் பயந்து பொலினின் தோளில் அழுதுகொண்டிருந்த ஜோர்தான் அழுகையை நிறுத்தினான். எனக்குப் பின்னால், என் உயரத்துக்குச் சற்றுத் தாழ்வாக, யாரையோ பார்த்துச் சிரித்தான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பதிவேட்டை அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. அன்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த மூன்று கட்டங்களையும் நான் நிரப்பவில்லை.