சிசிலி நின்ற இடம்

சீருடையைக் கண்டால் சிசிலியின் கை தானாகக் கைப்பைக்குள் போகும். தபால்காரராக இருந்தாலும் சரி, மெட்ரோவில் பயணச்சீட்டுப் பார்ப்பவராக இருந்தாலும் சரி, அவர்கள் கேட்க முன்னமே அடையாள அட்டை வெளியே வந்துவிடும். ஊரைவிட்டுப் புலம்பெயர்ந்து வந்து செயின்ட்-மிஷேலில் முப்பது வருடம் குடியிருந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. மகள் றொசானாவுக்கு அது சிரிப்பு, சிலவேளை எரிச்சல்.

அப்பேர்ப்பட்ட அம்மா, தேவாலயத்தில் பழக்கமான செலீன் என்ற ஓய்வுபெற்ற தாதியோடு பாலஸ்தீனத்துக்குப் போவதாகச் சொன்னபோது றொசானா பகிடி என்றே நினைத்தாள். அங்கே இராணுவச் சோதனைச் சாவடிகளில் சனத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று கண்காணிக்கப் பெண்கள் தொண்டுக்கு நிற்கிறார்களாம்.

“ஆமியைக் கண்டாலே நடுங்கிற நீங்கள் அங்க போய் என்ன செய்யப்போறியள்?”

“பாக்கப்போறன்” என்றாள் சிசிலி.

நடந்ததைத் திரும்பி வந்தபின் செலீன்தான் சொன்னார். முதல் நாள் சிசிலியைத் தொண்டர்கள் பக்கம் காணவில்லை. தேடினால், வேலைக்குப் போகிற சனத்தின் வரிசையில், கடவுச்சீட்டை நீட்டிப் பிடித்தபடி, தலை குனிந்து நிற்கிறாள். கையைப் பிடித்துத்தான் கூட்டிவர வேண்டியிருந்தது.

அன்றைக்கே சிப்பாய்கள் ஓர் ஆளை மறித்து வெயிலில் இருத்தினார்கள். நேரம் முடிந்து மற்றத் தொண்டர்கள் வான் வண்டியில் ஏறியும் சிசிலி அசையவில்லை. சிப்பாய் ஒருவன் வந்து போகச் சொன்னான். அந்த ஆளை விட்டால் போகிறேன் என்று சிசிலி தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சிப்பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னேரம்தான் அவரை விட்டார்கள். அதுவரை நின்றாள்.

றொசானாவால் நம்ப முடியவில்லை. இது தன் அம்மாவா?

“ஏனம்மா அவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?”

“ஊரில அம்புறோஸ் அண்ணையை ஆமி செக்பொயின்ற்றில பஸ்ஸால இறக்கேக்க, அம்மா என்ர தலையை மடிக்குள்ள அமத்திப் பிடிச்சவ. பஸ் நிறைய ஆக்கள். ஒருத்தரும் நிமிரேல்லை. பேந்து எங்க கொண்டுபோனவை எண்டு கேக்கப் போனால், கண்டனான் எண்டு சொல்ல ஒரு ஆள் இல்லை.”

அம்புறோஸ் மாமாவை றொசானாவுக்குப் படத்தில் மட்டும்தான் தெரியும்.

போன சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு இருவரும் மெட்ரோவுக்கு இறங்கினார்கள். வழியில் சீருடைக்காரர் இருவர் ஒரு கறுப்பின இளைஞனைச் சுவரோரமாக மறித்து வைத்திருந்தார்கள். சனம் விலகி விலகிப் போனது. சிசிலியின் கை வழக்கம்போலக் கைப்பைக்குள் போக, றொசானா பெருமூச்சு விட்டாள்.

வெளியே வந்தது மூக்குக்கண்ணாடி. சிசிலி அதை மாட்டிக்கொண்டு, மரக்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள்.

“அம்மா, ரெயின் வருது.”

“போகட்டும். அடுத்தது வரும்.”

றொசானாவும் தன் பையைக் கீழே வைத்தாள்.