தேசம்மாக்காவின் நெற்றி

"வாத்யாரே, அம்மா பூட்டாங்க" என்று சேகர் போனில் சொன்னபோது நான் கடையில் யாருடைய செல்போனையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவனே தொடர்ந்தான். "ஒடனே கெளம்பி வா. குளிப்பாட்டறதுக்கு முன்னாடியே பொம்பளைங்க சண்டை போட்டுக்கினு கீறாங்க. பொட்டு வச்சு அனுப்பறதா, அழிச்சு அனுப்பறதானு."

பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன் விற்ற தேசம்மாக்காவை உங்களில் பலர் கூடையோடு பார்த்திருப்பீர்கள், சிலர் எங்கள் மேடையில் பார்த்திருப்பீர்கள். அவர் கணவர் ஏழுமலை ஒரு புயலில் கடலுக்குப் போனவர். படகும் திரும்பவில்லை, உடலும் கரை ஒதுங்கவில்லை. மகன் சேகர் அப்போது கைக்குழந்தை. கொஞ்ச காலம் பொறுத்திருந்துவிட்டு, ஏழுமலை இறந்துவிட்டதாக ஊர் முடிவு செய்தது. அக்காவின் நெற்றியிலிருந்து பொட்டை அழித்தவர் ஏழுமலையின் தங்கை காசியம்மா.

எங்களுடையது யாரையும் அண்டிப் பிழைக்காத நாடகக் குழு. சபா கிடையாது, ஸ்பான்சர் கிடையாது, மைக் இருந்தால் கரண்ட் இருக்காது. நான் எழுதியது பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலத்துக் கதை. மாரி என்ற மீனவனைக் கோட்டை ஆட்கள் பிடித்துக் கப்பலேற்றி, ஜாவா தீவிலிருக்கும் பத்தாவியாவுக்கு அடிமையாக அனுப்பிவிடுகிறார்கள். அவன் வரவேயில்லை. கடைசிக் காட்சியில் மாமியார் வந்து மருமகளின் பொட்டை அழிக்கிறாள், அவள் தலை குனிகிறாள், திரை. எழுதி முடித்துவிட்டு நானே அழுதேன் என்றால் பாருங்கள், அவ்வளவு திமிர் எனக்கு.

மருமகளாக நடிக்க ஒருத்தியும் வரவில்லை. "எம் புருசன் கடல்ல கீறாரு. நான் இங்க தாலியறுத்துக் காட்டணுமா? உன் நாடகத்துல இடி விழ!" என்று ஒரு பெண் துடைப்பத்தைத் தேடினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த தேசம்மாக்கா தலையைத் தூக்காமல் சொன்னார்: "அழிக்கறதுக்கு எங்கிட்டதான் ஒண்ணும் இல்லியே. நான் வரேன் வாத்யாரே."

அட, இது தோன்றாமல் போயிற்றே என்று துள்ளினேன். கடைசிக் காட்சியைப் பற்றியே எல்லோரும் பயந்தோமே தவிர, முதல் காட்சியை ஒருவரும் நினைக்கவில்லை. முதல் காட்சியில் அவள் வாழ்கிற பெண். பொட்டு வேண்டும், பூ வேண்டும். ஒத்திகைக்கு என் கடையில் கூடியபோதுதான் எனக்கு உறைத்தது. அக்கா மேக்கப் டப்பாவிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்தார். கண்ணாடி இல்லை. ரிப்பேருக்கு வந்து செத்துக் கிடந்த ஒரு செல்போனின் கறுத்த திரையில் முகத்தைப் பார்த்து ஒட்டிக்கொண்டார். "கோணலா கீதா?" என்றார். "நேராத்தான் கீதுக்கா" என்றேன். அந்தத் திரையை அவர் கீழே வைக்க ரொம்ப நேரமாயிற்று.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஆண்கள் எல்லோரும் கரையில் இருந்த ஒரு மாலையில், குப்பத்து மணலில் நாடகம் போட்டோம். திரைச்சீலைத் துணியில் தைத்த கோட்டோடு நான்தான் டச்சுக் கேப்டன். "டச்சுக்காரன் தொப்பையப் பார்ரா!" என்று கூட்டம் உருண்டு சிரித்தது. அக்காவைப் பூவோடு பார்த்ததும் சிரிப்பு நின்றது. முன்வரிசையில் இருந்த காசியம்மாவின் முகம் இறுகியது.

கடைசிக் காட்சி வந்தது. மாமியார் வேஷக்காரர் ஈரத்துணியோடு கையை நீட்டினார். அக்கா தலை குனியவில்லை. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொணம் எங்க? கொண்டாந்து காட்டு, அப்பால எம் மேல கைய வையி. கோட்டைக்காரன் சொன்னானாம், நீ நம்பினியாம்! அவன் செத்துட்டான்னு கடல் வந்து உங்கிட்ட சொல்லிச்சா? ஊர் கூடி முடிவு பண்ணா ஒரு ஆளு செத்துடுவானா?"

இதில் ஒரு வார்த்தைகூட நான் எழுதியதில்லை. என் வசனத்தில் யாராவது கை வைத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அன்றும் வந்தது. ஆனால் மேடையோரத்தில் நின்றபடி அந்த முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் தொண்டைக்குள் வைத்திருந்ததை ஒரு மனுஷி டச்சுக்காரன் காலத்தில் நின்றுகொண்டு கேட்கிறார். கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு, யார் பார்த்தால் என்ன என்று கையெடுத்துக் கும்பிட்டேன். காசியம்மா எழுந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போய்விட்டார். அக்கா வேஷத்தைக் கலைக்காமல் அதே பூவோடு வீட்டுக்கு நடந்தார்.

அன்று முதல் அவர் பொட்டில்லாமல் இருக்கவேயில்லை. "ஊரு சிரிக்குதும்மா" என்று சேகர் குதித்தான். "சிரிக்கட்டும், ஆண்டவன் அதுக்குத்தான வாயக் குடுத்துக்கீறான்" என்றார். அதிகாலையில் கடலுக்குப் போகிறவர்கள் அவர் எதிரே வந்தால் சகுனம் பார்த்து ஒதுங்கினார்கள். அவர் வேண்டுமென்றே நின்று, "இன்னாடா, போய்ட்டு வா! நெறைய எறா அள்ளிக்கினு வா!" என்று வழியனுப்புவார்.

கோட்டைக்குப்பத்தில் போட்டோம், சுண்ணாம்புக்குளத்தில் போட்டோம். ஓரிடத்தில் பேசியதை இன்னோரிடத்தில் பேசமாட்டார். அந்த இடம் வரும்போது நான் எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டுக் காது கொடுப்பேன். சுண்ணாம்புக்குளத்தில் நாடகம் முடிந்ததும் வெறும் நெற்றியோடு ஒரு பெண் வந்து, "நானும் வச்சுக்கலாமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். "என்ன ஏன் கேக்கற? உன் நெத்தி எங்கிட்டயா கீது?" என்றார் அக்கா. அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் காசியம்மா, கையில் ஈரத்துணி. நாடகத்துக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. "முறைன்னு ஒண்ணு கீது. தாலியறுத்தவளப் பொட்டோட அனுப்பினா சாமிக்கே அடுக்காது" என்றார். பெண்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். கடைசியில் எல்லோரும் சேகரைப் பார்த்தார்கள். தாயோடு வருஷக்கணக்கில் இதற்காகவே மல்லுக்கு நின்ற பிள்ளை. அழித்துவிடச் சொல்வான் என்றுதான் நான் நினைத்தேன்.

சேகர் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "அத்தே, உங்கண்ணன் செத்துட்டாரா? நீ உன் வாயால ஆமான்னு சொல்லு. தொடைச்சுடலாம்."

காசியம்மா வாயைத் திறந்தார். மூடினார். ஊரே காத்திருந்தது. அவரால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. துணியைக் கீழே போட்டுவிட்டு, மஞ்சளைக் கொண்டுவரச் சொன்னார். தன் கையாலேயே பூசினார், குங்குமத்தைப் பெரிதாக வைத்தார். பிறகு அக்காவின் காதருகே குனிந்தார். நான் கால்மாட்டிலேயே நின்றதால் கேட்டது.

"அண்ணி, அங்க போய் நல்லாத் தேடிப் பாரு. அண்ணன் அங்க இல்லன்னா என் கனவுல வந்து சொல்லு. நான் இங்க தேடறேன்."

தேசம்மாக்காவை அறிந்தவர்கள் ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டிருப்பீர்கள்: அவர் சிரிப்பை, அவர் வைத, வாழ்த்திய வார்த்தைகளை. நான் இன்னும் நாடகம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: யாருடைய கணவனையும் என் பேனாவால் கொல்வதற்கு முன், அவளை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.