இறக்கத்தில் நியூட்ரல்

சென்ற வருடம் ஆடி மாதம். ஆடியில் வண்டி வாங்கக் கூடாது, பார்த்து வைக்கலாம் என்று என் மாமியார் சலுகை கொடுத்ததால், நானும் என் கணவரும் நல்லம்பள்ளிக்கு ஒரு பழைய கார் பார்க்கப் போனோம்.

எங்கள் வீடு அதியமான்கோட்டையில். இருவருக்கும் சேலத்தில் வேலை. தினமும் தொப்பூர் கணவாய் இறங்கித்தான் போக வேண்டும். அந்த இறக்கத்தில் என் கணவர் காரை நியூட்ரலில் போட்டுவிடுவார். சும்மா ஓடுகிற வண்டிக்கு எதற்குப் பெட்ரோல் என்பது அவர் கட்சி. முன்னால் லாரி, பின்னால் லாரி, நடுவில் நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே போவேன். சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அப்போதுதான் பிளக்-இன் ஹைபிரிட் கார் ஒன்று விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டேன். வீட்டில் சார்ஜும் போடலாம், பெட்ரோலும் போடலாம். இறக்கத்தில் கியரிலேயே வைத்து வேகத்தைக் குறைத்தால் பேட்டரி தானாகக் கொஞ்சம் ஏறுமாம். முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். மெதுவாகப் போனால் மிச்சம் என்றால் இந்த மனிதர் மெதுவாகத்தானே போவார்?

காரை விற்பவர் ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் கணவர் நாற்காலியில் இருந்தபடியே "வாங்க, உக்காருங்க" என்றார். எழுந்திருக்கவில்லை. வெளியே வந்ததும், "பெரிய கார்காரங்க எந்திரிக்க மாட்டாங்க போல" என்று என் கணவர் காதைக் கடித்தார். நானும் சிரித்தேன்.

தொப்பூர் வரை ஓட்டிப் பார்த்தோம். என் கணவர் ஓட்ட, அக்கா அவர் பக்கத்தில், நான் பின்னால். கார் சத்தமே இல்லாமல் போனது. எனக்கு ஒரே சந்தோஷம். இறக்கம் தொடங்கியதும், பேட்டரி ஏறுவதைக் காட்ட அக்கா திரையை நோக்கிக் கையை நீட்டினார். அதற்குள் என் கணவரின் கை, பழக்க தோஷம், நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டது.

"தம்பி, கியருக்குக் கொண்டாங்க!" அக்கா கத்தியேவிட்டார்.

கணவாய்க்குக் கீழே ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீ வந்தது. அக்கா, "வண்டிய உங்களுக்குக் குடுக்கறாப்புல இல்லீங்க தம்பி" என்றார்.

"ஏங்கக்கா? எறக்கம்தானே, தானா ஓடும்னு..."

"எங்க வூட்டுக்காரரும் அதத்தாங்க சொல்லுவாரு. அப்ப இருந்தது வேற காரு, இதே எறக்கம். நியூட்ரல்ல பிரேக்க மட்டுமே மிதிச்சு மிதிச்சு, அது சூடாயி புடிக்கல. முன்னாடி போன லாரில போயி மோதிட்டாரு. இப்ப அவரால எந்திரிக்க முடியாதுங்க."

சற்று முன் சிரித்த சிரிப்பை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அக்கா என் பக்கம் திரும்பி, "நீங்களும் தெனமும் இவரு கூடத்தான் வர்றீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. இத்தனை நாள் நான் எவ்வளவு பயந்திருக்கிறேன் என்பது என் கணவருக்கு அங்கேதான் உறைத்தது. அவர் டீயைத் தொடவே இல்லை. திரும்பும்போது அக்காதான் ஓட்டினார்.

திங்கட்கிழமை எங்கள் பழைய காரில் வேலைக்குக் கிளம்பினோம். கணவாயில் மூன்றாவது கியரிலேயே இறங்கினார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது. அவர் அசைந்து கொடுக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் தயங்கித் தயங்கி அக்காவுக்குப் போன் செய்தார். கார் விற்றுப் போயிருந்தது. "எறக்கத்துல இப்ப எப்படிப் போறீங்க தம்பி?" என்று மட்டும் கேட்டாராம். "கியர்லதாங்கக்கா" என்று இவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி பதில் சொன்னது எனக்கும் கேட்டது.

விற்றோமா, கையைக் கழுவினோமா என்பதுதான் உலக வழக்கம். வாங்க வந்தவன் உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே விற்காமல் விட்ட ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.