வெட்டி எறிந்த ஏழு விநாடி

கராட்டி வீடியோ என்றாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. கைபேசியில் எதையாவது காட்டி, "அக்கா, இது மாதிரி எங்களுக்கும் ஒண்டு செய்து தாங்கோ" என்று வந்து நிற்பார்கள். இது மாதிரி என்றால் என்ன? உதைக்கிற இடத்தில் இடி விழுகிற சத்தம் வர வேண்டும். விழுகிறவன் ஆறுதலாக, மெல்ல மெல்ல விழ வேண்டும். ஓடு உடைந்தால் தூள் பறக்க வேண்டும். உடையாத ஓட்டையும் என்னால் உடைத்துக் காட்ட முடியும். கை ஓட்டில் படுவதற்கு முதல் ஒரு வெட்டு, பிறகு ஏற்கெனவே உடைந்து கிடக்கிற ஓடு, நடுவில் ஒரு சத்தம், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் உண்மையிலேயே தான் உடைத்ததாக நம்பிக்கொண்டு திரிவார். கண்டறியாத வீரம்.

திருகோணமலைச் சந்தைக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது என் கடை. ஒரு கணினி, இரண்டு கமரா, மூன்று கதிரை. கலியாணமும், பிள்ளைகள் பெரியவளாகிற சாமத்தியவீடும்தான் எனக்குச் சோறு போடுகிறவை. ஆனால் சில வருடங்களாக ஒரு கராட்டி வகுப்பின் வீடியோக்களையும் நான்தான் எடுத்துத் தொகுத்துக் கொடுத்து வந்தேன். வகுப்பை நடத்துகிற மாஸ்டருக்கு நாற்பது வயதிருக்கும். கறுப்புப் பட்டி. பழக்குவதை விடப் படம் காட்டுவதில் ஆர்வம் கூடியவர். வருடா வருடம் எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய் உதைக்க வைத்து, அதை மூன்று நிமிட வீடியோவாக்கி முகநூலில் போடுவார். நடுவில், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வந்து நின்றால் அவருக்குப் பெரிய சந்தோசம். "மான் வாற இடத்தை மட்டும் வெட்டிப் போடாதேங்கோ அக்கா" என்பார். மனிசர் எக்கேடு கெட்டாலும் மான் நிற்க வேண்டும்.

அந்த வகுப்பில் உண்மையாகக் கராட்டி தெரிந்தவள் ஒருத்திதான். இருபத்தேழு வயது. உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வந்து நகரத்தில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். அவளுடைய பிரிவு சண்டை இல்லை, காட்டா. எதிரே ஆள் இல்லாமல், இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒழுங்கு தப்பாமல் தடுத்தும் அடித்தும் திரும்பியும் தனியே செய்து காட்டுவதுதான் காட்டா. அவள் செய்வதைப் பார்த்தால் பயமாக இருக்கும். அடிக்கிற கையை விட, அடித்துவிட்டு நிற்கிற நிலைதான் கூடப் பயம்.

தேசிய அணிக்கு ஆள் எடுக்கிற தெரிவு கொழும்பில் நடக்கும். ஒரு வருடம் பார்மசி முதலாளி லீவு தரவில்லை. அடுத்த வருடம் லீவு கிடைத்தது, அன்றைக்கென்று அவளுடைய அம்மாவை வருத்தம் என்று ஆசுபத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள். இந்த முறைதான் முதல் தடவையாக, தூர இடத்துக்காரர் வீடியோ அனுப்பினால் போதும் என்று அறிவித்தார்கள். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. காட்டா தொடங்கி முடியும் வரை ஒரே எடுப்பு, நடுவில் வெட்டு இருக்கக்கூடாது. வகுப்பு ஆசிரியர்தான் அதை அனுப்ப வேண்டும்.

அவளுக்கு அரை நாள் லீவு இருந்த ஒரு பின்னேரம், உட்துறைமுகக் கரையில் வைத்து எடுத்தோம். கமராவை முக்காலியில் பூட்டினேன். கடலைப் பின்னால் வைத்து அவள் நின்றாள். "அக்கா, ஒரே எடுப்பு. பிழைச்சாலும் பரவாயில்ல, வெட்ட ஏலாது" என்று என்னிடம் சொன்னாள். பிழைக்கவில்லை. முதல் எடுப்பே போதும் என்று மாஸ்டரும் சொன்னார். அவள் முடித்துக் கும்பிட்ட பிறகுதான் நானும் மூச்சு விட்டேன்.

காட்டாவின் நடுவில் ஓர் இடம். ஒரு பாதி திரும்பி, இரண்டு கையையும் இறக்கி, அப்படியே நிற்பாள். ஏழு விநாடி. கண் கூட அசையாது.

அன்றிரவே மாஸ்டரிடமிருந்து எனக்குக் குரல் பதிவு வந்தது. நடுவில் நிற்கிற இடத்தை வெட்டிவிடச் சொன்னார். முக்காலியில் நின்ற கமரா, அதே நிலையில் நிற்கிற ஆள், வெட்டினாலும் ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை என்றார். அதே வீடியோவைத்தான் வகுப்பு விளம்பரத்துக்கும் போடப் போகிறாராம். எனக்கு நிபந்தனை தெரியாமல் இல்லை. தெரியும். ஆனால் அனுப்புகிறவர் அவர், பொறுப்பும் அவருடையது என்று நினைத்தேன். ஏழு விநாடியையும் வெட்டினேன். இரண்டு பக்கமும் அவளுடைய கை, கால், தலை எல்லாம் சரியாகப் பொருந்துகிறதா என்று பத்துத் தரம் பார்த்தேன். அச்சொட்டாகப் பொருந்தியது. என் கெட்டித்தனத்தில் உள்ளுக்குள் ஒரு பெருமை கூட இருந்தது. மாஸ்டர் அதை அப்படியே கொழும்புக்கு அனுப்பினார். அவளிடம் காட்டவில்லை.

இரண்டு கிழமை கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பார்மசிச் சட்டையோடு அவள் கடைக்கு வந்தாள். கைபேசியை என் முன்னால் வைத்தாள். வீடியோ வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது, விண்ணப்பம் தள்ளுபடி என்று தெரிவுக் குழுவிலிருந்து வந்திருந்தது.

"அக்கா, இதில எங்க வெட்டு இருக்கு? அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே?"

கொழும்புக்குப் போன வீடியோவை எடுத்தேன். கணினியில் போட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் பார்த்தோம். அவள் திரும்புகிறாள், கை இறங்குகிறது, அவளுக்குப் பின்னால் கடலில் வெள்ளை வள்ளம் ஒன்று இடப்பக்கமாகப் போகிறது. வெட்டு வருகிற இடத்தில் அந்த வள்ளம் ஒரே பாய்ச்சலில் அரைவாசித் தூரம் போய்விடுகிறது. தவளை மாதிரி. பத்துத் தரமும் அவளையே பார்த்த நான் வள்ளத்தை ஒருதரமும் பார்க்கவில்லை. இத்தனை வருடம் ஓடு உடைத்துக் காட்டிய விசரிக்கு, கடலில் வள்ளம் ஓடும் என்று தெரியாமல் போய்விட்டது.

"மாஸ்டர்தான் வெட்டச் சொன்னவர்" என்றேன். "நீங்கள் சும்மா நிக்கிற இடமாம்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சும்மா நிக்கேல்ல அக்கா. பின்னால ஒருத்தன் வாறான். அவன்ர காலடியைக் கேட்டுக்கொண்டு நிக்கிறன். அது இல்லாட்டி பிறகு திரும்பி அடிக்கிறதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல."

என் கடையிலிருந்தே அவள் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்தாள். அங்கே யாரோ ஒரு நல்ல மனிசர் இருந்திருக்கிறார். விளையாட்டு வீராங்கனைக்குத் தெரியாமல் வெட்டினோம் என்று வகுப்பு ஆசிரியர் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் கொடுத்தால், அதோடு வெட்டாத வீடியோவையும் திங்கட்கிழமைக்குள் அனுப்பினால், திரும்பப் பார்ப்போம் என்றாராம். வெட்டாதது என்னிடம் பத்திரமாக இருந்தது. வேண்டியது ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து.

மாஸ்டர் வைக்க மாட்டேன் என்றுவிட்டார். தன்னுடைய பெயர் கொழும்பில் கெட்டுப் போகுமாம். அதுவும் பரவாயில்லை, பயந்தாங்கொள்ளி என்று விட்டுவிடலாம். அந்தப் பிள்ளைதான் வீடியோக்காரியிடம் சொல்லி வடிவாக வெட்டுவித்தது, தனக்கு ஒன்றும் தெரியாது என்று வகுப்புக்கு வருகிற தாய் தகப்பன்மாருக்கு வேறு சொல்லித் திரிந்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. எவ்வளவு பெரிய வாய். பன்னிரண்டு வருடமாக அந்த வகுப்பைக் கூட்டிப் பெருக்கியதிலிருந்து சின்னதுகளுக்குப் பட்டி கட்டப் பழக்கியது வரை எல்லாம் அவள்தான். அவளைக் கள்ளி ஆக்கிவிட்டு இவர் வெள்ளை உடுப்போடு நிற்பாராம். என் கைபேசியில் அவருடைய குரல் கிடந்தது. விடுவேனா?

ஞாயிறு காலை மண்டபத்துக்குப் போனேன். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சுவரோடு போட்ட பிளாஸ்ரிக் கதிரைகளில் பத்துப் பன்னிரண்டு தாய் தகப்பன்மார். அவள் பின்வரிசையில் நின்றாள். போகாமல் இருக்க அவளுக்கு மனம் வரவில்லையாம். கையெழுத்து வைக்கச் சொல்லி நான் தட்டச்சடித்துக் கொண்டுபோன கடிதத்தை மாஸ்டரிடம் நீட்டினேன்.

"அக்கா, இது வகுப்பு நேரம். உங்கட பிரச்சினையை வெளியில வைச்சுக் கதைப்பம்."

"வெளியில நீங்கள் கதைச்சது போதும். வெட்டச் சொன்னது ஆர் எண்டு இவையளும் அறியட்டும்."

"நான் சொல்லேல்ல."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வந்திருந்தேன். கைபேசியின் சத்தத்தை முழுதாகக் கூட்டி, மேலே உயர்த்திப் பிடித்து, அழுத்தினேன். மண்டபம் முழுக்க அவருடைய குரல் கேட்டது. "அக்கா, நடுவில உவ சும்மா நிக்கிறா, அதைத் தூக்கி விடுங்கோ. கொழும்பில இருக்கிறவங்களும் மனிசர்தானே, அலுத்துப் போகும். ஒருத்தருக்கும் தெரியாது."

கதிரைகளில் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாஸ்டரின் முகம் செத்துவிட்டது. அந்தக் கணத்தில் எனக்கு இருந்த சந்தோசத்தை மறைக்க மாட்டேன். கையை இறக்காமல், அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கைபேசியை நிறுத்தவில்லை. ஒரு குரல் பதிவு முடிந்தால் அடுத்தது தானாகவே ஓடும் என்பது என் புத்தியில் வரவேயில்லை.

அடுத்தது என் குரல். நான் அனுப்பிய பதில். முதலில் ஒரு சிரிப்பு. நல்ல நீளமான சிரிப்பு. பிறகு, "ஓம் மாஸ்டர், நானே சொல்லுவம் எண்டு இருந்தனான். எடுக்கேக்கயே அந்த இடத்தில எனக்கு நித்திரை வந்திட்டுது. அவ நிண்ட நிலைக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிச்சிருக்கலாம். வெட்டி விடுறன்."

பின்கதிரையில் இருந்த தகப்பன் ஒருவர் சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். வரிசையில் நின்ற சின்னதுகளும் என்ன ஏதென்று தெரியாமல் சிரித்தன. நான் அதை நிறுத்த விரலால் திரையைத் தட்டிக்கொண்டிருந்தேன், எல்லாம் முடிந்த பிறகு.

மாஸ்டருக்கு உயிர் வந்துவிட்டது. "கேட்டீங்களோ? வீடியோக்காரிக்கே நித்திரையாம். வெட்டினவவே ஒத்துக்கொள்ளுறா. கடிதத்தை அவவே எழுதட்டும், கையெழுத்தையும் அவவே வைக்கட்டும்" என்று, நான் கொண்டுபோன தாளை என் கையிலேயே திருப்பித் தந்தார். பிறகு வரிசைக்கு முன்னால் போய் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். பின்வரிசையில் அவளும் அடிக்கத் தொடங்கினாள். ஒரு அடியும் பிசகவில்லை. என்னைப் பார்க்கவில்லை.

நான்தான் எழுதினேன். திங்கள் காலையே, நான்தான் வெட்டினேன், அவளுக்குத் தெரியாது என்று எழுதி, வெட்டாத வீடியோவையும் சேர்த்து அனுப்பினேன். பின்னேரம் பதில் வந்தது. வகுப்பு ஆசிரியரின் கையெழுத்து இல்லாததை ஏற்க முடியாதாம்.

அந்த மாஸ்டரில் எனக்கு இருக்கிற கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் அவரைத் திட்டத் தொடங்கினால் அரைவாசியில் அந்தச் சிரிப்பு வந்து காதில் விழுந்துவிடுகிறது. அவராவது அலுத்துப் போகும் என்றுதான் சொன்னார். தேத்தண்ணிக் கதை என்னுடையது. அதை யாரும் கேட்டு வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பார்மசிக்குப் போனேன். ஆட்கள் நின்றார்கள், நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. "தங்கச்சி" என்றேன். அவள் குளிசைகளை எண்ணிச் சின்ன உறையில் போட்டு, அதன் மேல் எழுதி முடிக்கும் வரை நிமிரவில்லை. குரலில் கோபம் இல்லை, அதுதான் கொடுமை.

"வெட்டாததை எனக்கும் அனுப்பி விடுங்கோ அக்கா. அந்த நித்திரை வாற இடத்தோட."

சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம் மருந்துத் துண்டை வாங்கக் கையை நீட்டினாள்.