அத்தான் போனுக்குப் போன சோதனைச் செய்தி

மருத்துவப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் இணையதளத்தைக் கட்டி மேய்க்கிறவளுக்கு அலுவலகத்தில் பெயர் ‘எதுக்கும்’. ‘எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்’ என்று வாய் ஓயாமல் சொல்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? வீட்டைப் பூட்டி மாடிப்படி இறங்கிய பிறகும் மறுபடி ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பயந்தாங்கொள்ளிதான். ஆனால் அந்தப் பயம் இருந்ததால்தான் தளம் ஒருநாளும் படுத்ததில்லை.

ரிப்போர்ட் தயாரானதும் நோயாளியின் போனுக்குத் தானாகவே செய்தி போய் விழ வேண்டும் என்றார் மேலாளர். செய்தாள். சோதித்துப் பார்க்கத் தன் போன் போதாதா? எதுக்கும் பழைய போன் ஒன்றிலும் பார்த்துவிடலாமே என்று, அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தானின் அரதப்பழசில் தளத்தைத் திறந்து ‘அனுமதி’யை அமுக்கிவிட்டு வந்தாள். அனுமதி தந்த போன் சோதனைப் பட்டியலில் சேர்ந்துவிடும், ஆனால் யாருடையது என்று பெயர் ஏறாது. வாயில் நுழையாத எழுத்துக் கூட்டம்தான் ஏறும். வேலை மும்முரத்தில் அது யாருடையது என்பதையே மறந்துபோனாள். அதற்கப்புறம்தான் அத்தானின் கழுத்துக் கட்டியிலிருந்து துளி சதை எடுத்து இதே கூடத்துக்கு அனுப்பினார்கள்.

இருப்பதிலேயே நீளமான வாசகம் திரையில் வெட்டுப்படாமல் தெரிகிறதா என்று பார்க்க, அதையே பட்டியலில் இருந்த போன்களுக்கெல்லாம் அனுப்பினாள்: ‘உங்கள் ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டிய மாற்றம் உள்ளது. உடனே மருத்துவரைப் பாருங்கள்.’

அவள் போன் சிணுங்கியது. பட்டியலில் இரண்டாவதாக இருந்ததைப் பார்த்தபோதுதான் அது அத்தான் போன் என்று உறைத்தது. அத்தானைக் கூப்பிட்டாள், போன் அணைந்திருந்தது. அதில் நிம்மதிக்கு இடமில்லை. அனுப்பியது அனுப்பியதுதான், திரும்ப வாங்க முடியாது. நடுவழியில் காத்திருந்து, போனுக்கு உயிர் வந்ததும் வந்து விழும்.

அக்காவை அழைத்தாள்.

“அக்கா, அத்தான் போனை ஆன் பண்ண விடாதே!”

“இப்பதான் சார்ஜ் போட்டாரு. ஏன்டி? ரிப்போர்ட்டைப் பாத்துட்டியா?”

“ஐயோ, இல்லக்கா. நான் சும்மா டெஸ்டுக்கு ஒண்ணு அனுப்பினேன்...”

“மறைக்காதடி. உன் குரலே சரியில்ல.”

அக்கா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்குமேல் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கூடத்து டாக்டரம்மாவிடம் ஓடினாள் இவள். முடிவு வர இன்னும் நாளாகும் என்றார் அவர். அதைக் கேட்டுக்கொண்டு, போட்டது போட்டபடி வண்டியை எடுத்தாள். அத்தான் எங்கேயாவது மயங்கி விழுந்து கிடப்பாரோ என்று வழியெல்லாம் பயந்து செத்தாள்.

அத்தான் தலைவாரி, தேய்த்த சட்டை போட்டு, வீட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் போன். முகம் தெளிவாக இருந்தது.

“வந்துட்டியாம்மா? பாரு, ஒருவழியா வந்துடுச்சு. எதுவா இருந்தாலும் தெரிஞ்சுபோச்சுல்ல? இத்தனை நாளா சாப்பாடே இறங்கல. இப்பதான் வயிறார சாப்பிட்டேன். டாக்டர்கிட்ட கிளம்பலாமா?”

பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“அத்தான், அது நான் தப்பா அனுப்பினது. உங்க ரிப்போர்ட் இன்னும் வரல.”

அவர் போனைக் கீழே வைத்தார்.

“அப்ப, மறுபடியும் காத்திருக்கணுமா?” என்றார். அத்தான் பயந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.